சாம்பியன் ஹர்டிலில் எந்த விலைக்கு எந்தக் குதிரை

2025 மார்ச் 11, இங்கிலாந்தில் செல்டன்ஹாம். சாம்பியன் ஹர்டில் என்ற தடை தாண்டும் குதிரைப் பந்தயத்தில் ஏழே ஏழு குதிரைகள். 1/2 விலையில் (இரண்டு கட்டினால் ஒன்று லாபம்) ஃபேவரிட்டாக நின்ற கான்ஸ்டிடியூஷன் ஹில் ஐந்தாவது தடையில் விழுந்தது. சரி, போன வருட சாம்பியன் ஸ்டேட் மேன்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தோம். அது தெளிவாக முன்னால் வந்து, கடைசித் தடையில் காலை வைத்து அதுவும் விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த கோல்டன் ஏஸ் என்ற பெண் குதிரை மேட்டில் ஏறி ஜெயித்தது. விலை 25/1, ஒன்று கட்டினால் இருபத்தைந்து லாபம்.

குருட்டு அதிர்ஷ்டம் என்றார்கள். இரண்டும் விழாமல் இருந்தால் அது ஜெயித்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பு, 2024 மார்ச்சில், இதே செல்டன்ஹாமில் பெண் குதிரைகளுக்கான நாவிஸ் (தடை ஓட்டத்துக்குப் புதியவை ஓடும்) ஹர்டிலில் கோல்டன் ஏஸ் யாரை ஜெயித்தது என்று பாருங்கள். பிரைட்டர்டேஸ்அஹெட். அந்தப் பிரைட்டர்டேஸ்அஹெட் 2025 சாம்பியன் ஹர்டிலில் இரண்டாவது ஃபேவரிட், அதை ஜெயித்த குதிரைக்கோ 25/1. இடைப்பட்ட காலத்தில் பிரைட்டர்டேஸ்அஹெட் பெரிதாக வளர்ந்திருந்தது, அதனால் அதன் விலை குறைவாக இருந்ததில் தப்பில்லை. இருந்தாலும் இவ்வளவு வித்தியாசமா? இந்தத் தகவல் ஃபார்ம் பக்கத்தில், அதாவது குதிரைகள் முன்பு ஓடிய விவரப் பக்கத்தில், கறுப்பு வெள்ளையாக எல்லோர் கண்முன்னும் இருந்தது. நானும் படித்தேன், படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன்.

எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் புரட்டிக்கொண்டே போவோம். கேட்க வேண்டியது, ஒவ்வொரு குதிரைக்கும் எவ்வளவு வாய்ப்பு, புக்கி (பந்தயப் பணம் வாங்குபவர்) தரும் விலை அதற்கு ஈடாக இருக்கிறதா என்பதுதான். கீழே எழுதுவது முழுக்க அந்தக் கணக்கைப் பற்றி.

முதலில் இது என்ன மாதிரிப் பந்தயம்

கிண்டியில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு (என் சித்தப்பா ரேஸ் புக்கில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது) தடை தாண்டும் ஓட்டம் புதிதாக இருக்கும். அங்கே எல்லாம் சமதள ஓட்டம். இங்கே இரண்டு மைலுக்குச் சற்று மேல், ஏறத்தாழ 3.3 கிலோமீட்டர், எட்டுத் தடைகள், நாலு நிமிடத்துக்கு முன்னேபின்னே ஆட்டம் முடிந்துவிடும். தடை ஒவ்வொன்றும் குறைந்தது மூன்றரை அடி உயரம், இடித்தால் சாயும். அதனால் நல்ல குதிரை உயரத் தாவாது, வேகத்தைக் குறைக்காமல் உரசிக்கொண்டு போகும். அப்படி உரசிப் போவதுதான் இந்தப் பந்தயத்தில் ஜெயிக்கும் வழி, விழுவதற்கும் அதுவே வழி.

அடுத்தது பாரம். இது ஹேண்டிகேப் இல்லை, அதாவது திறமைக்கு ஏற்பப் பாரத்தைக் கூட்டிக் குறைக்கும் பந்தயம் இல்லை. ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகள் எல்லாம் 11 ஸ்டோன் 10 பவுண்டு சுமக்க வேண்டும், பெண் குதிரைக்கு மட்டும் 7 பவுண்டு சலுகை. ஒரு பவுண்டுக்கு ஒரு லெங்த் (ஒரு குதிரையின் நீளம்) என்பது இந்த ஊர்க்காரர்களின் தோராயக் கணக்கு. அப்படியென்றால் அதிகாரப்பூர்வ ரேட்டிங்கில் (குதிரையின் திறமைக்குப் பவுண்டுக் கணக்கில் தரும் மதிப்பெண்) ஓர் ஆண் குதிரையை விட 5 பவுண்டு கீழே இருக்கும் பெண் குதிரை, அன்றைக்கு உண்மையில் 2 பவுண்டு மேலே. ஆனி பவர் 2016இல், எபட்டான்ட் 2020இல், ஹனிசக்கிள் 2021, 2022இல், அப்புறம் கோல்டன் ஏஸ். 2016 முதல் 2025 வரையான பத்து வருடங்களில் ஐந்து தடவை பெண் குதிரைகள். முதல் வேலையாகப் பட்டியலில் உள்ள பெண் குதிரைகளின் ரேட்டிங்கோடு 7-ஐக் கூட்டி எழுதிக்கொள்ளுங்கள், பல பேர் இதைச் செய்வதில்லை.

ஃபார்மைப் படிப்பது

குதிரையின் பெயருக்கு முன்னால் வரும் எண் வரிசையில் 1, 2, 3 எல்லாம் வந்த இடம், எஃப் என்றால் விழுந்தது, யு என்றால் ஜாக்கியைக் கீழே தள்ளியது, பி என்றால் பாதியில் நிறுத்தப்பட்டது. இதை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் புக்கிகளுக்குச் சோறு போடுகிறார்கள். எந்தப் பந்தயத்தில், எந்தத் தரையில், யாரோடு ஓடியது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

சாம்பியன் ஹர்டிலுக்கு வரும் குதிரைகள் குளிர்காலம் முழுக்க சில குறிப்பிட்ட பந்தயங்களில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். நவம்பர் கடைசியில் நியூகாசிலில் ஃபைட்டிங் ஃபிஃப்த், டிசம்பர் 26 அன்று கெம்ப்டனில் கிறிஸ்துமஸ் ஹர்டில், பிப்ரவரித் தொடக்கத்தில் லெப்பர்ட்ஸ்டவுனில் ஐரிஷ் சாம்பியன் ஹர்டில், பிப்ரவரி நடுவில் வின்கான்டனில் கிங்வெல். இவற்றின் வீடியோக்களைக் கட்டாயம் பாருங்கள், முடிவை மட்டும் படிக்காதீர்கள். கெம்ப்டன் வலப்பக்கமாகத் திரும்பும் தட்டையான மைதானம், அங்கே வேகம் இருந்தால் போதும். செல்டன்ஹாம் இடப்பக்கம் திரும்புவது, மேடும் பள்ளமுமாக, இறக்கத்தில் வேகம் பிடித்து ஓடிவந்து கடைசித் தடையைத் தாண்டிய பிறகு மேட்டில் ஏற வேண்டும். கெம்ப்டனில் ஐந்து லெங்த்தில் ஜெயித்த குதிரை இந்த மேட்டில் மூச்சு வாங்கி நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது. அதனால் மற்ற எல்லாம் சமமாக இருந்தால் செல்டன்ஹாமில் ஏற்கனவே ஜெயித்த, அல்லது அந்த மேட்டில் கடைசி நூறு கஜத்தில் பின்னாலிருந்து நெருங்கி வந்த குதிரைக்கு நான் கூடுதல் மதிப்பு தருவேன்.

வீடியோவில் என்ன பார்ப்பது? என் பழக்கத்தைச் சொல்கிறேன். ஒரே பந்தயத்தை மூன்று தடவை ஓட்டுவேன். முதல் தடவை சும்மா. இரண்டாவது தடவை ஒரு குதிரையின் தாவல்களை மட்டும். தடைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்த் தாவுகிறதா, தூரத்திலிருந்தே பாய்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, இறங்கும்போது தலை தரையைத் தொடும் அளவுக்குக் குனிகிறதா. நெருக்கடி இல்லாத நேரத்தில் நன்றாகத் தாவும் குதிரை, பக்கத்தில் இன்னொன்று தோளோடு தோள் வரும்போது எப்படித் தாவுகிறது என்பது இன்னும் முக்கியம். மூன்றாவது தடவை ஜாக்கியின் கைகளை மட்டும் பார்ப்பேன். கடைசி இரண்டு தடைகளுக்கு நடுவே யார் கை ஆடாமல் உட்கார்ந்திருக்கிறார், யார் ஏற்கனவே தள்ளத் தொடங்கிவிட்டார் என்பது முடிவில் வந்த இடைவெளியை விட அதிகம் சொல்லும்.

தாவலைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. கான்ஸ்டிடியூஷன் ஹில் 2022இல் சுப்ரீம் நாவிஸ் ஹர்டிலை 22 லெங்த்தில் ஜெயித்தது, 2023இல் சாம்பியன் ஹர்டிலை 9 லெங்த்தில் ஜெயித்தது, அதைப் போல ஒரு ஹர்டில் குதிரையை நான் பார்த்ததில்லை. அதே குதிரை 2025 மார்ச்சில் விழுந்தது, ஏப்ரலில் ஏன்ட்ரீயில் விழுந்தது, நவம்பரில் நியூகாசிலில் மறுபடியும் விழுந்தது. திறமை எவ்வளவு இருந்தாலும் தடையைத் தாண்டியாக வேண்டும். 1/2 என்ற விலைக்குள் அந்த ஆபத்துக்கு இடமே இருக்காது.

வேகம் யார் வைப்பார் என்பதையும் யோசியுங்கள். ஓடும் குதிரைகள் குறைவாக இருந்து, முன்னால் ஓட விரும்பும் குதிரை ஒன்றே ஒன்றுதான் என்றால், அந்த ஜாக்கி தன் இஷ்டத்துக்கு மெதுவாக ஓட்டி, கடைசி அரை மைலை விரட்டுவார். பின்னால் காத்திருந்து வரும் குதிரைகளுக்கு அது கஷ்டம். முன்னால் ஓட விரும்புபவை இரண்டு மூன்று இருந்தால் கதை தலைகீழ்.

தரை பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி என்று ஈரம் கூடிக்கொண்டே போகும். இந்தப் பந்தயம் நடக்கும் செல்டன்ஹாம் விழா வாரத்தில் தினமும் வானிலையைப் பாருங்கள். ஈரத் தரையிலேயே ஓடிப் பழகிய ஐரிஷ் குதிரைகள் காய்ந்த தரையில் எப்படி ஓடியிருக்கின்றன என்று மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாயத்தின் பெயர்? பயிற்சியாளர் நிக்கி ஹெண்டர்சன் சீ யு தென் தொடங்கி கான்ஸ்டிடியூஷன் ஹில் வரை இந்தப் பந்தயத்தை ஒன்பது தடவை ஜெயித்திருக்கிறார். வில்லி மல்லின்ஸ் ஹரிக்கேன் ஃப்ளை, ஃபோகீன், ஆனி பவர், ஸ்டேட் மேன் என்று 2025 வரை ஐந்து தடவை. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனாலேயே அவர்கள் குதிரைகளின் விலையில் அது ஏற்கனவே கழிந்துபோயிருக்கும். சின்ன லாயத்துக் குதிரைக்குத்தான் பெரும்பாலும் ஒன்றிரண்டு புள்ளி விலை கூடுதலாகக் கிடைக்கும்.

புள்ளிவிவரக்காரர்கள் சொல்லும் பழங்கணக்குகளை முழுசாக நம்பாதீர்கள். ஐந்து வயதுக் குதிரை ஜெயிக்காது என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1985இல் சீ யு தென் ஜெயித்ததற்கு அப்புறம் 2008 வரை ஐந்து வயதுக் குதிரை எதுவும் ஜெயிக்கவில்லைதான். 2008இல் கேட்சிட் வந்தது, 2019இல் எஸ்பாய் தாலென் வந்தது. அந்தப் பக்கம் ஹாட்டன்ஸ் கிரேஸும் சீ பிஜியனும் 11 வயதில் ஜெயித்திருக்கின்றன.

விலையை வாய்ப்பாக மாற்றுவது

இங்கேதான் பாதிப் பேர் நழுவுவார்கள். கணக்கு நாலாம் வகுப்புக் கணக்குதான். 4/1 என்றால் ஒரு பவுண்டு கட்டி நாலு லாபம். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணை இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள், 1-ஐ 5-ஆல், 20 சதவீதம். 1/2 என்றால் 2-ஐ 3-ஆல், 66.7 சதவீதம். 25/1 என்றால் 3.8 சதவீதம்.

ஒரு கற்பனைப் பந்தயம் வைத்துக்கொள்வோம், ஏழு குதிரைகள். விலைகள் 4/6, 4/1, 6/1, 14/1, 25/1, 40/1, 100/1. சதவீதமாக 60, 20, 14.3, 6.7, 3.8, 2.4, 1. கூட்டினால் 108.2. நூறுக்கு மேல் உள்ள அந்த 8.2 புக்கியின் பங்கு. கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கொடுக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விலைகளை மூடி வைத்துவிட்டு (நிஜமாகவே மூடி வைத்துவிட்டு, இல்லையென்றால் மனசு அந்தப் பக்கமே இழுக்கும்) மேலே சொன்னதை எல்லாம் வைத்து நீங்களே ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போடுங்கள். மொத்தம் சரியாக 100 வர வேண்டும். நீங்கள் 55, 18, 11, 9, 4, 2, 1 என்று போட்டதாக வைத்துக்கொள்வோம். ஃபேவரிட்டுக்கு நீங்களே 55 கொடுத்திருக்கிறீர்கள், பாதிக்கு மேல் அதுதான் ஜெயிக்கும் என்கிறீர்கள். ஆனால் 4/6 விலையில் கட்ட அது 60-க்கு மேல் இருக்க வேண்டும். எனவே வேண்டாம். நாலாவது குதிரைக்கு 9 கொடுத்திருக்கிறீர்கள், விலையோ 6.7-தான் என்கிறது. 100 பவுண்டு கட்டினால் சராசரியாக 0.09 பெருக்கல் 1500, அதாவது 135 திரும்பி வரும். உங்கள் கணிப்பு சரியாக இருந்தால் அது ஒன்றுதான் இந்தப் பந்தயத்தில் கட்டத்தக்க குதிரை. பத்தில் ஒன்பது தடவை தோற்கும் என்று நீங்களே சொல்லும் குதிரை மேல் பணம் கட்டுவது முதலில் கிறுக்குத்தனமாகத் தோன்றும், பழக நாளாகும்.

ஐந்தாவது குதிரைக்கு 4 கொடுத்தீர்கள், விலை 3.8. இதுவும் லாபம்தானே என்று கேட்காதீர்கள். 3-க்கும் 4-க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் அளவுக்கு யாருடைய கண்ணும் கூர்மை இல்லை. அதிக விலைக் குதிரைகளில் புக்கிகள் வழக்கமாகவே நியாயமான விலையை விடக் குறைத்துத்தான் தருவார்கள்.

இதைப் படித்துவிட்டு ஃபேவரிட்டை எப்போதும் விட்டுவிட வேண்டும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2020 முதல் 2024 வரை ஐந்து வருடமும் ஃபேவரிட்தான் ஜெயித்தது. எபட்டான்ட் 2/1, ஹனிசக்கிள் 11/10, மறுபடி ஹனிசக்கிள் 8/11, கான்ஸ்டிடியூஷன் ஹில் 4/11, ஸ்டேட் மேன் 2/5. ஒவ்வொன்றிலும் 10 பவுண்டு கட்டியிருந்தால் ஐந்து வருட லாபம் கிட்டத்தட்ட 46 பவுண்டு. நல்ல காசுதான். ஆனால் அதில் 31 முதல் இரண்டு வருடங்களில் வந்தது. கடைசி மூன்று வெற்றிகளும் சேர்ந்து 15 பவுண்டு கூடத் தரவில்லை, 2025இல் விழுந்த ஒரே ஒரு விழுகையில் அதில் 10 போய்விட்டது. 2019இலும் இப்படித்தான். ஆப்பிள்ஸ் ஜேட், ப்யுவர் டேர், லாரினா என்று மூன்று பெயரையே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ப்யுவர் டேர் மூன்றாவது தடையில் விழுந்தது, மற்ற இரண்டும் எடுபடவில்லை, அந்த சீசனில் தோற்கவே தோற்காத எஸ்பாய் தாலென் 16/1 விலையில் 15 லெங்த்தில் ஜெயித்தது. எல்லோரும் இரண்டு மூன்று பெயர்களுக்குள் சண்டை போடும் வருடத்தில் நாலாவது, ஐந்தாவது குதிரையின் விலையை நான் இரண்டு தடவை பார்ப்பேன்.

எப்போது, எப்படிக் கட்டுவது

முன்கூட்டியே, அதாவது ஜனவரியிலோ அதற்கு முன்போ கட்டினால் விலை நன்றாக இருக்கும். குதிரை அன்றைக்கு ஓடாவிட்டால் பணம் போச்சு, திரும்பி வராது. 2025இல் நான் லாஸிமவுத் என்ற பெண் குதிரை மேல் ஜனவரியிலேயே 20 பவுண்டு கட்டினேன். பிப்ரவரியில் அது லெப்பர்ட்ஸ்டவுனில் விழுந்தது. அப்புறம் சாம்பியன் ஹர்டிலை விட்டுவிட்டு அதே விழாவில் பெண் குதிரைகளுக்கான மேர்ஸ் ஹர்டிலுக்குப் போனது, போய் ஜெயிக்கவும் செய்தது. குதிரை ஜெயித்தது, என் இருபது பவுண்டு போனது. இதில் இன்னொரு கூத்து, லாஸிமவுத் அந்தப் பக்கம் போனதால்தான் கோல்டன் ஏஸ் அதை விட்டு இந்தப் பக்கம் வந்தது. பெண் குதிரைகளுக்கு இப்படி இரண்டு வாசல் இருப்பதால், ஓடாவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை வரும்வரை அவற்றின் மேல் முன்கூட்டிக் கட்டாதீர்கள். விழா நெருங்க நெருங்கப் பல புக்கிகள் அந்த நிபந்தனையைத் தருவார்கள்.

ஈச்-வே என்பது பாதிப் பணம் வின் (ஜெயிப்பதற்கு), பாதிப் பணம் பிளேஸ் (முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு). வழக்கமான விதிப்படி எட்டு அல்லது அதற்கு மேல் குதிரைகள் ஓடினால் முதல் மூன்று இடங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை. ஐந்து முதல் ஏழு வரை ஓடினால் இரண்டு இடங்களுக்கு மட்டும், நாலில் ஒரு பங்கு. எட்டுக் குதிரைப் பட்டியலைப் பார்த்துத் திட்டம் போட்டுவிட்டு, காலையில் ஒன்று விலகி ஏழானதைக் கவனிக்காமல் ஈச்-வே கட்டுகிறவர்கள் ஏராளம், மூன்றாவதாக வந்தால் கையில் ஒன்றும் இல்லை. அதோடு, பட்டியல் இறுதியான பிறகு பெரிய ஃபேவரிட் விலகினால் ஏற்கனவே கட்டியவர்களின் லாபத்திலிருந்து ஒரு பங்கு கழிப்பார்கள், சில சமயம் பாதிக்கு மேலே கூடப் போகும்.

எவ்வளவு கட்டுவது? இதற்கென்று ஒதுக்கிய பணத்தில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. 14/1 விலையில் 9 சதவீத வாய்ப்பு என்ற நம் உதாரணத்துக்கு கெல்லி சூத்திரம் (வாய்ப்பையும் விலையையும் வைத்துக் கட்ட வேண்டிய பங்கைச் சொல்லும் கணக்கு) 2.5 சதவீதம் கட்டச் சொல்லும். அந்த 9 என்ற எண்ணையே நாம் குத்துமதிப்பாகத்தானே போட்டோம், அதனால் நான் அதைப் பாதியாக்கிவிடுவேன். வாடகைப் பணத்தை, கடன் வாங்கிய பணத்தை எடுத்து வருகிறவர் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டிவியில் ஓட்டத்தை மட்டும் பார்க்கலாம், ஓட்டம் அப்படியும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் இருக்கும் நாட்டில் பந்தயம் கட்டச் சட்டம் இடம் தருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கிலாந்து மாதிரி எல்லா இடமும் இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, குதிரை, நீங்கள் போட்ட சதவீதம், கட்டிய விலை, ஓட்டம் தொடங்கும்போது இருந்த விலை. இந்தக் கடைசி இரண்டையும் ஒப்பிட்டாலே போதும். 14/1-க்குக் கட்டியது தொடங்கும்போது 10/1 ஆகியிருந்தால், குதிரை தோற்றாலும் நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். 14/1-க்குக் கட்டியது அடிக்கடி 20/1 ஆகிறது என்றால் உங்களுக்குத் தெரியாத ஏதோ மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பந்தய நாளில் என் வேலை சின்னது. காலையில் தரை நிலவரம், விலகியவை, ஈச்-வே விதி இந்த மூன்றையும் பார்ப்பேன். முந்தின இரவே ஒவ்வொரு குதிரைக்கும் எந்த விலைக்குக் கீழே தொடக் கூடாது என்று எழுதி வைத்திருப்பேன். நம் நாலாவது குதிரைக்கு 9 சதவீதம் என்றால் நியாய விலை ஏறத்தாழ 10/1, அதனால் 12/1 வரை கட்டுவேன். மதியம் திரையில் 9/1 என்று வந்துவிட்டால் லாப்டாப்பை மூடிவிட்டு டீ போட எழுந்துவிடுவேன்.